பின் லைற் மங்கினால் வயரை வெட்டாதீர்கள்

கடந்த மாதம் கொக்குவிலில் ஒரு வளவுக்குச் சென்றிருந்தேன். மாமரத்தின் கீழ் நின்ற மொறிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயக் காரின் டிக்கி திறந்திருந்தது. உள்ளே விரித்திருந்த பாய் கழற்றப்பட்டு, துணி சுற்றிய பழைய வயர்க்கட்டு வெளியே இழுக்கப்பட்டிருந்தது. இரண்டு இளைஞர்களில் ஒருவர் குறட்டை அதன் மேல் வைத்து அமத்தவிருந்தார். இடது பின் லைற் மங்கலாக எரிகிறதாம், ஆகவே புதிய வயர் இழுக்கப் போகிறார்களாம்.

"தம்பி, வெட்ட முதல் ஏர்த் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன். ஏர்த் என்பது பல்பிலிருந்து மின்சாரம் காரின் பொடி, அதாவது உடல் தகடு, வழியே பற்றரிக்குத் திரும்பும் பாதை.

"அண்ணை, முழுப் பொடியும் ஏர்த்தானே, அது எங்கை போகப்போகுது?"

இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பதிலைச் சொன்னவன் என்பதால் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. பல்ப் எரிந்துபோனது, பற்றரி இறங்கியது போன்றவற்றை இங்கு எழுதப் போவதில்லை. அவற்றை எவரும் முதல் ஐந்து நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவர். அதன் பின் நாம் விடும் தவறுகளே கீழே தலைப்புகளாக வருகின்றன.

முழுப் பொடியும் ஏர்த் என்று நம்புதல்

மைனரின் பின் மட்காட் பொடியோடு ஒட்டிப் பிறந்ததன்று. அது போல்ற் போட்டுப் பூட்டப்படும் தனித் தகடு. இரண்டுக்கும் இடையில் ஓர் ஓரப்பட்டியும் வைக்கப்படுகிறது. பின் லைற் அந்த மட்காட்டில் பூட்டப்பட்டுள்ளது. ஆகவே பல்பிலிருந்து திரும்பும் மின்சாரம் ஹோல்டர், லைற்றின் தகடு, அதன் திருகாணி, மட்காட், மட்காட்டின் போல்ற், பொடி என்று ஒவ்வொரு மூட்டாகக் கடந்தே பற்றரியை அடைய வேண்டும். தொழிற்சாலையில் இருந்து வந்த நாளில் இவை வெறும் இரும்போடு இரும்பாக இருந்திருக்கலாம். அதன் பின் கடலேரிப் பக்கத்து உப்புக்காற்றும், மார்கழி மழையும், அவை தந்த கறளும், கறளை மறைக்க அடித்த பெயின்ற்றும் சேர்ந்து அந்த மூட்டுகளை ஒவ்வொன்றாக அடைத்துவிடுகின்றன.

2003ஆம் ஆண்டு, ஏ9 வீதி திறக்கப்பட்டிருந்த காலம். வெளிநாட்டிலிருந்து உறவினர் திருமணத்துக்கு வருகிறார்கள் என்று ஒருவர் தமது மைனருக்கு ரிங்கர் வேலை (தகடு தட்டிச் சீராக்கும் வேலை) செய்வித்து, புதிதாகப் பெயின்ற் அடிப்பித்து என்னிடம் கொண்டுவந்தார். கார் கண்ணாடிபோல் மின்னியது. பின் லைற் இரண்டும் கைவிளக்குப்போல் மங்கலாக எரிந்தன. பெயின்ற் அடித்த பின் வந்த கோளாறு என்பதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்ததெல்லாம் "பவர் காணாது" என்பது மட்டுமே. வயர்க்கட்டை வெட்டினேன், சுவிச்சிலிருந்து டிக்கி வரைக்கும் புதிய வயர் இழுத்தேன், மூட்டுகளை முறுக்கி ரேப் சுற்றினேன். வெளிச்சம் ஒரு துளியும் கூடவில்லை. லைற்றே பழுது என்று முடிவு கட்டி, முகமாலை, ஓமந்தைச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய், வேறொரு சோடி வாங்கி வந்து பூட்டினேன். உடனே பளிச்சென்று எரிந்தது. நான் பெருமையோடு காசு வாங்கினேன். உண்மையில் நடந்தது என்னவென்றால், புதிதாக இறுக்கிய திருகாணிகள் பெயின்ற்றைச் சிறிது சிராய்த்து இரும்பைத் தொட்டிருந்தன. ஒரு மாரி கழிவதற்குள் லைற் மீண்டும் மங்கியது.

அந்த முறை, என்னைத் தொழில் பழக்கிய பெரியவர் வந்து பார்த்தார். ஒரு நீள வயரை எடுத்து, ஒரு நுனியைப் பற்றரியின் ஏர்த் முனையில் என்னைப் பிடிக்கச் சொன்னார். மறு நுனியைப் பல்ப் ஹோல்டரின் பித்தளை விளிம்பில் தொட்டார். லைற் பளீரென்றது. எடுத்தார், மங்கியது. மீண்டும் தொட்டார். ஒரு சொல்லும் பேசாமல் மூன்று முறை அப்படிச் செய்துவிட்டு, வயரை என் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். சில மாதங்களின் பின், சாவகச்சேரிப் பக்கம் இரவில் ஓடிக்கொண்டிருந்தபோது, நான் சுற்றிய ரேப் வெயிலில் பசை விட்டுக் கழன்று, முறுக்கிய மூட்டு டிக்கியின் தகட்டு விளிம்பில் தொட்டுவிட்டது. அந்தக் காரில் பின் லைற் வழிக்குப் பியூஸ் கிடையாது. சுவிச் பலகை வரைக்கும் வயர்க்கட்டு கருகியது. முழு வயரிங்கையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அரத்தாளும் ஒரு சாண் கறுப்பு வயரும் போதுமாயிருந்த வேலை அது.

ஏர்த் போனதற்கு அடையாளங்கள் உண்டு; அவை தெரிந்தால் குறட்டைத் தொட வேண்டியதில்லை. பின் லைற்றையும் பிரேக் லைற்றையும் பெரும்பாலும் ஒரே பல்ப் தருகிறது: 5 வாற் இழையொன்று, 21 வாற் இழையொன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு பித்தளை உறை. அந்த உறை ஏர்த்தை முற்றாக இழந்தால், 5 வாற் இழைக்குள் வந்த மின்சாரம் 21 வாற் இழை வழியே பின்னோக்கிப் போய், மறுபக்கத்துப் பிரேக் பல்பினூடாக ஏர்த்தைத் தேடிக்கொள்ளும். ஆகவே லைற் சற்றே மங்கலாக, ஏறத்தாழ ஒழுங்காகவே எரியும், ஏமாறுவது இங்குதான். பிரேக்கை மிதித்ததும் இரண்டு இழைகளுக்கும் இரு வழியாலும் சமமான மின்னழுத்தம் (வோல்ற்) வருவதால் அந்தப் பக்கம் அணைந்துபோகும். லைற் சுவிச்சை அணைத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தாலோ, முன் பார்க் லைற்றுகள் செம்மஞ்சளாக மினுங்கும். இவற்றில் ஒன்றைக் கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம். லைற்றின் திருகாணியிலிருந்து டிக்கியின் உட்புறத்தில் வெறும் இரும்பு தெரியச் சுரண்டிய இடத்துக்குப் பல்லுள்ள வாஷரோடு ஒரு கறுப்பு வயரைப் பூட்டி, மேலே வசலின் பூசிவிடுங்கள்.

பல்பைக் கழற்றிவிட்டு வோல்ற் பார்த்தல்

மல்ரிமீற்றர் எடுப்பவர்களில் பலர், பல்பைக் கழற்றி ஹோல்டரில் 12 வோல்ற் வருகிறதா என்று பார்த்துத் திருப்தியடைகின்றனர். மின்சாரம் ஓடாத வழியில் அழுத்தம் இறங்காது. ஒரே ஒரு கம்பியிழையில் தொங்கும் வயரும் முழு 12ஐக் காட்டும். பல்பைப் பூட்டி எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். மீற்றரின் ஒரு நுனியைப் பல்பின் உறையிலும், மற்றதைப் பற்றரியின் ஏர்த் முனையிலும் வையுங்கள். கால் வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த அளவு வோல்ற் ஏர்த் பாதையில் வீணாகிறது என்று பொருள். இரண்டு வோல்ற் குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது: 12க்குப் பதில் 10 கிடைத்தால் இழைப் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

மைனர் பொசிற்றிவ் ஏர்த் வண்டி, அதாவது பற்றரியின் கூட்டல் முனையே பொடியோடு பூட்டப்பட்டிருக்கும். மீற்றர் கழித்தல் குறி காட்டினால் பதற வேண்டாம்.

வயரைப் பொடியில் உரசிப் பொறி பார்த்தல்

பெற்றோல் தாங்கி டிக்கியின் அடியில்தான் இருக்கிறது.

நிறத்தை நம்புதல்

அக்கால ஆங்கிலேயக் கார்களில் பின் லைற்றுக்குச் சிவப்பு, பிரேக்குக்குப் பச்சையில் ஊதாக் கோடு, ஏர்த்துக்குக் கறுப்பு என்பது முறை. துணி சுற்றிய வயரில் அறுபது ஆண்டு எண்ணெயும் புழுதியும் ஏறிய பின் சிவப்பும் கபிலமும் ஒன்றுபோலவே தெரியும். கபிலமோ பற்றரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேரே வருவது. அதோடு, 1961க்கு முந்திய மைனரில் பெரும்பாலும் மினுக்கும் சிக்னல் கிடையாது, கதவுத்தூணிலிருந்து நீளும் சிறு கைதான் இருந்தது. பிற்காலத்தில் யாரோ ஒருவர் கைக்கெட்டிய வயரைக்கொண்டு சிக்னல் பூட்டியிருப்பார். அவர் எந்த நிறத்தை எதற்குப் போட்டார் என்பது அவருக்கே நினைவிருக்காது. ஒவ்வொரு வயரையும் நுனிக்கு நுனி மீற்றரால் பார்த்த பிறகே நம்புங்கள்.

பல்பை அமத்தித் திருகுதல்

இரட்டை இழைப் பல்பின் இரண்டு காதுகளும் (உறையின் பக்கத்து முளைகள்) ஒரே உயரத்தில் இல்லை. தலைகீழாகப் பூட்டக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தேய்ந்த ஹோல்டரில் பலம் பிடித்தால் தலைகீழாகவும் போய்விடும். பிறகு இரவு முழுவதும் பிரேக் லைற் எரியும், பிரேக் மிதித்தால் மங்கல் வெளிச்சம் வரும், பின்னால் வருபவர் திட்டுவார்.

வீட்டு வயர் போடுதல்

ஒற்றைக் கம்பி குலுக்கத்தில் முறியும். போடாதீர்கள்.

35 என்ற எண்ணைப் பார்த்துப் பியூஸ் வாங்குதல்

அக்கால ஆங்கிலேயக் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூக்காஸ் கம்பனியின் பழைய கண்ணாடிப் பியூசில் உள்ள 35 என்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் ஏறத்தாழ பாதிதான். இன்று கடையில் 35 என்று கேட்டால் 35 அம்பியரைத் தொடர்ந்து தாங்கும் பியூசைத் தருவார்கள், அது உருகுவதற்கு முன் உங்கள் வயர் உருகும். 15 அல்லது 17 வாங்குங்கள். பின் லைற் வழிக்குப் பியூசே இல்லாவிட்டால், சுவிச்சிலிருந்து வெளியேறும் சிவப்பு வயரில் 5 அம்பியர்ப் பியூஸ் ஒன்றைக் கோத்துவிடுங்கள்.

எல்ஈடி

பொசிற்றிவ் ஏர்த் காருக்கென்று கேட்டு வாங்குங்கள். சாதாரணமானது எரியாது.

கொக்குவில் தம்பிமார் குறட்டை வைத்துவிட்டு, இடது லைற்றின் திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றினார்கள். அடியில் மூன்று படை பெயின்ற், நீலம், வெள்ளை, மீண்டும் நீலம். அதற்குக் கீழே பச்சைக் களிம்பு. ஒரு துண்டு அரத்தாள் கேட்டு அடுத்த வீட்டுக்கு ஆள் போனது.