ஆல்டரேஷன் மூட்டையில் கிடக்கிற கோர்ஸ்

ஆன்லைனில் தையல் வகுப்பு எடுக்கப்போகிறேன் என்று வரும் தங்கைகள் என்னிடம் முதலில் விசாரிப்பது கேமராவைப் பற்றி. அடுத்து, "அக்கா, ப்ளவுஸ் கட்டிங்க எல்லாரும் போட்டு முடிச்சிட்டாங்களே, நான் புதுசா என்னத்தச் சொல்ல?" என்பார்கள். கேமரா விஷயம் சுலபம். இருக்கிற போனை மேலிருந்து மேஜையைப் பார்க்கிற மாதிரி ஸ்டாண்டில் மாட்டினால் போதும். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நான் தையலை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரோ சமையலோ சொல்லிக்கொடுப்பவர் என்றால் உங்கள் தொழிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் விற்கும் கோர்ஸின் பாடப்பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். அரை மணி நேரத்தில் உங்கள் நோட்டிலும் 'அறிமுகம், மெஷினின் பாகங்கள், தேவையான பொருட்கள்' என்று அதே வரிசை வந்து உட்கார்ந்துவிடும். மெஷினின் பாகங்களைத் தெரிந்துகொள்ளவா ஒருத்தி பணம் கட்டிச் சேர்கிறாள்?

போக வேண்டிய இடம் ஆல்டரேஷன் மூட்டை. சரியில்லை என்று திரும்பி வந்த ப்ளவுஸைப் பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். கொண்டுவந்தவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். 'ஆர்ம்ஹோல் கோளாறு' என்று நோட்டில் எழுதினால் அது உங்களுக்கு மட்டும்தான் புரியும். "கையத் தூக்கினா ப்ளவுஸே மேல ஏறுது" என்று எழுதினால் பாடத்துக்குத் தலைப்பே கிடைத்துவிடும்.

அந்த ஒரு புகாரையே எடுத்துக்கொள்வோம். கை பிடிக்கிறது என்றதும் புதிதாகத் தைக்கிறவர் ஆர்ம்ஹோலை, அதாவது கையைப் பொருத்தும் வளைவை, இன்னும் கீழே இறக்கி வெட்டுவார். இறக்க இறக்க, கையை உயர்த்தும்போது உடம்புத் துணியும் கையோடு சேர்ந்து மேலே போகும். ஆர்ம்ஹோல் அக்குளுக்குக் கிட்டே இருந்தால்தான் கை தாராளமாக அசையும். இதை வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மலிவான காட்டனில் ஒரே அளவில் இரண்டு ப்ளவுஸ் தையுங்கள். ஒன்றில் ஆர்ம்ஹோல் சரியாக இருக்கட்டும், இன்னொன்றில் ஓர் அங்குலம் இறங்கியிருக்கட்டும். ஒருவரையே இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, பரணில் இருக்கிற டப்பாவை எடுக்கச் சொல்லிப் படம்பிடியுங்கள். கோர்ஸின் முதல் வீடியோ அதுதான். இன்ச் டேப், சாக்பீஸ் எல்லாம் அப்புறம் வரட்டும். தோள்பட்டை நழுவுவது, கழுத்து முன்னால் தொளதொளவென்று நிற்பது, கொக்கிப் பட்டி இழுத்துக்கொள்வது என்று மூட்டையில் இருக்கிற மற்றவற்றையும் இப்படியே ஒவ்வொரு பாடமாக்கலாம்.

கடை இல்லாதவர்களுக்கு யூடியூப் கமெண்ட் இருக்கிறது. 'சூப்பர் சிஸ்டர்' வகையறாவைத் தாண்டிக் கீழே போங்கள். "38 சைஸுக்கு எப்படி?" என்று கேட்டு, பதில் கிடைக்காமல் போனவர்கள் அங்கே இருப்பார்கள். வீடியோவில் 36-க்கு மட்டும் வெட்டிக் காட்டியிருப்பார்கள். மார்பளவு 36 என்றால் அதில் கால் பங்கு 9, அதோடு லூஸும் தையலுக்கு விடும் துணியும் சேர்கிறது என்ற கணக்கு பார்த்தவருக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் உங்கள் கோர்ஸில் எந்த அளவையும் நீங்கள் சொல்லாதீர்கள். வீட்டில் இருக்கிற ஒருவரை அளந்து, அந்த எண்ணில் பேப்பர் கட்டிங் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். மாமியாருக்கு அளவெடுத்தவருக்கும் பிளஸ் டூ படிக்கிற மகளுக்கு அளவெடுத்தவருக்கும் ஒரே கணக்கு வேலை செய்வதை க்ரூப்பில் எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

வேறு துறை ஆசிரியர்களையும் வேடிக்கை பாருங்கள். ஹார்வர்டில் சிஎஸ்50 என்று ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கிறது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதை நடத்தும் டேவிட் மாலன் ஒரு தடிமனான டெலிபோன் டைரக்டரியை நடுவில் பிரித்து, தேடும் பெயர் இல்லாத பாதியைக் கிழித்துப் போடுவார். மீதியையும் பாதியாக்குவார். 1000 பக்கமாக இருந்தாலும் சுமார் 10 தடவையில் ஒரே பக்கம் மிஞ்சும். புரோகிராம் எழுதத் தெரியாத எனக்கே அது விளங்கியது. இதைப் பார்த்ததும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது, நம் பாடத்தில் கிழித்துக் காட்ட என்ன இருக்கிறது என்பதுதான். எனக்குக் கிடைத்தது செய்தித்தாள். தட்டையான தாளில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு டாட், அதாவது முனை குறுகும் மடிப்பு, பிடித்துப் பின் குத்தினால், அதன் முனையில் தாள் குவிந்து எழும்பும். டாட் எதற்கு என்று பத்து நிமிடம் பேசுவதை அந்தத் தாள் ஒரே நொடியில் சொல்லிவிடுகிறது.

நீளத்தைப் பற்றியும் ஒரு தகவல் உண்டு. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தின் வீடியோக்களை வைத்து பிலிப் குவோவும் உடன் இருந்தவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்க்கிறவர்கள் பொதுவாக 6 நிமிடத்துக்கு மேல் தங்கவில்லை என்று தெரிந்தது. எழுதிக்கொண்டே விளக்கும் பாணி, வெறும் ஸ்லைடைவிட ஆட்களைப் பிடித்து வைத்திருந்தது. ஆகவே கறுப்புத் துணி, வெள்ளை சாக்பீஸ், உங்கள் கை. முகம் தெரியாவிட்டால் ஒன்றும் குறையில்லை.

நம் பழைய சங்கதிகளிலும் தேடுங்கள். நன்னூலில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்குதான், இன்னொரு கால் பங்கு கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் வரும், மீதிப் பாதி பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும். எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், தேறிய பையனை விட்டே மற்ற பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியதைப் பார்த்து அதையும் எடுத்துக்கொண்டார். இங்கிலாந்துக்கு அது 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே போனது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் இது.

நன்னூல் கணக்குப்படி உங்கள் வீடியோ எல்லாம் சேர்ந்தே கால் பங்கு. மீதிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புது யோசனைகள் அதிகம் வருவது இங்கேதான். நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது: ப்ளவுஸில் கையை இணைத்துத் தைத்து முடித்தவர், இன்னும் முடிக்காத ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்ப வேண்டும். அதில் "இந்த வளைவுல துணிய இழுக்காதீங்க, தானா போகும்" மாதிரி ஒரு வாக்கியம் வந்தால், அடுத்த பேட்ச்சுக்கு அதைத்தான் நான் சொல்வேன். என் விளக்கத்தைவிட அது நன்றாகவே இருக்கும்.

யோசனை வறண்டுபோனால் தெரியாத ஒன்றில் மாணவராகச் சேருங்கள். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் பணம். வாராவாரம் அசைன்மென்ட்டுக்குக் கடைசி நாள் வரும். அந்த நாள் நெருங்கும்போது உங்களுக்கு என்ன ஆகிறது, எந்த இடத்தில் போனைக் கீழே வைக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எடிட் பண்ணாத வீடியோவைத் தையல் தெரியாத ஒருவரிடம் துணியோடு கொடுத்து, எதிரில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர் கையைப் பாருங்கள். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி அவர் தயங்கும் நிமிடத்தைக் குறித்து, அந்தப் பகுதியை மட்டும் இன்னும் கிட்டே வைத்துத் திரும்ப எடுங்கள்.