காதுக்குள் சுள்ளென்று ஷாக் அடிக்கும் இயர்போன்: நான் சரிசெய்த விதம்

சென்னையில் ஒன்பது வருடம் இருந்தேன். வியர்வையில் இயர்போன் கெட்டிருக்கிறதே தவிர, ஒருநாளும் ஷாக் அடித்ததில்லை. பெங்களூருக்குக் குடிமாறிய முதல் பிப்ரவரியில் ஆரம்பித்தது. ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்தால் காதுக்குள் ஒரு சுள். ஜிம்மில் ட்ரெட்மில்லில் ஓடினால் நிமிடத்துக்கு ஒன்று. இயர்போன்தான் கோளாறு என்று அடுத்தடுத்து இரண்டு புதுசு வாங்கினேன். இரண்டும் அடித்தன. அந்தக் காசு உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

முதல் படி: எந்த ஷாக் என்று பிரித்துப் பாருங்கள்

நான் ஒரு மாதம் கோட்டைவிட்டது இங்கேதான். காதில் வருவது இரண்டு வகை. ஒன்று, ஊசி குத்தியதுபோல் ஒரே தடவை அடித்துவிட்டுப் போய்விடும். எழுந்தால், நடந்தால், ஸ்வெட்டரைக் கழற்றினால் வரும். இது நிலைமின்சாரம். இன்னொன்று, எறும்பு ஊர்வதுபோல் விர்ரென்று விடாமல் இருக்கும். போனோ லேப்டாப்போ சார்ஜில் இருக்கும்போது மட்டும் வரும், சார்ஜரைப் பிடுங்கிய நொடியே நின்றுவிடும். இது கரண்ட் கசிவு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எனக்கு இரண்டும் சேர்ந்தே இருந்ததால், ஒன்றைச் சரிசெய்த பிறகும் இன்னும் அடிக்கிறதே என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

சார்ஜில் இருக்கும்போது கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் அளவுக்குப் பலமாக அடித்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். சுவிட்சை அணைத்துவிட்டு அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள்.

இரண்டாம் படி: ஒற்றைச் சுள்ளுக்கு

காற்றில் ஈரம் இருந்தால் உடம்பில் சேரும் மின்னூட்டம் சத்தமில்லாமல் வடிந்துவிடும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் வடிய வழியில்லை, சேர்ந்துகொண்டே போகும். பெங்களூரில் கோடை தொடங்கும் மதியங்களில் அது 30-க்கும் கீழே இறங்கும். சென்னையில் ஏன் அடிக்கவில்லை என்பதற்கு இதுதான் பதில். நாம் உணரும்படி அடிக்கவே உடம்பில் சுமார் 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வோல்ட் பெரிதே தவிர, சேர்ந்திருக்கும் சரக்கு மிகக் கொஞ்சம்.

ட்ரெட்மில்லில் பெல்ட் உரசி உரசி உடம்பில் மின்னூட்டம் ஏறுகிறது. நான் போனை மெஷினின் ஸ்டாண்டில் வைத்துவிட்டு, அதிலிருந்து நீண்ட வயரைக் காதில் மாட்டியிருந்தேன். அதாவது உடம்பில் ஏறியது மெஷினுக்கு இறங்க, காது வழியாக நானே பாதை போட்டுக் கொடுத்திருக்கிறேன்! போனை இடுப்புப் பட்டையில் உடம்போடு ஒட்டி வைத்து, வயரைப் பனியனுக்கு உள்ளே விட்டேன். அன்றே முக்கால்வாசி குறைந்தது.

மீதிக்கு: பாலியஸ்டர் டி-ஷர்ட்டுக்குப் பதில் பருத்தி. இயர்போனைத் தொடும் முன், கையில் ஒரு சாவியைப் பிடித்து அதன் நுனியால் உலோகக் கதவுக் கைப்பிடியையோ உலோக மேஜைக் காலையோ தொடுங்கள். பொறி சாவி நுனியில் தெறிக்கும், விரலுக்கு வலிக்காது. கைக்கும் காது மடலுக்கும் மாய்ஸ்சரைசர் தடவலாம். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், பெரிதாக உதவவில்லை. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாதே! கிளிசரின் கலந்த கிரீம் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

மூன்றாம் படி: விர்ரென்று ஊர்வதற்கு

சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் வெளியே வரும் பக்கத்துக்கும் இடையில், இரைச்சலை அடக்க ஒரு சின்ன கப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியே துளியூண்டு கரண்ட் கசியும். மூன்றாவது பின்னாக எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இரண்டு பின் சார்ஜர் என்றால் போக வழியில்லாமல் லேப்டாப்பின் உலோக உடம்பில் நிற்கும், அங்கிருந்து வயர் வழியே காதுக்கு வரும். கரண்ட் இருந்தால் எரிந்து காட்டும் டெஸ்டரை லேப்டாப் ஓரத்தில் வைத்தேன். மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. மல்டிமீட்டர் 90 வோல்ட் காட்டியது.

என் ஓட்டு பழைய ஸ்குரூடிரைவர் டெஸ்டருக்குத்தான். தொடாமலே பீப் அடிக்கும் பேனாக்கள் பக்கத்தில் வயர் போனாலும் கத்தும், புதிதாகக் கற்பவரை நன்றாகக் குழப்பும்.

சரி, மூணு பின் சார்ஜர் போட்டால் தீர்ந்தது என்று போட்டேன். தீரவில்லை. அதே ஊர்வு, டெஸ்டரில் அதே வெளிச்சம். சார்ஜரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். ஒரு வாரம் கழித்துத்தான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்மேல் சந்தேகம் வந்தது. அதைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பிளக்கின் ஸ்குரூவைத் திருகித் திறந்தேன். உள்ளே சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. மேலே இருக்கும் பெரிய எர்த் பின்னில் ஒன்றுமே இல்லை, அதன் ஸ்குரூ ஒருமுறைகூடத் தொடப்படாமல் பளபளத்தது. வெளியே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டு வயர்! சார்ஜரை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகினேன். டெஸ்டர் அணைந்தது, காதும் அமைதியானது.

ஆகவே பாக்ஸ் வாங்கும்போது மூன்று கோர் வயர்தானா, அதாவது உள்ளே மூன்று கம்பி ஓடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டி வார்த்த பிளக் என்றால் திறந்து பார்க்க முடியாது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் பாக்ஸின் எர்த் ஓட்டைக்கும் பீப் வருகிறதா பாருங்கள். அப்போது பாக்ஸ் எதிலும் செருகியிருக்கக் கூடாது. லேப்டாப் பிளக்கில் இரண்டு பின் கன்வெர்ட்டர் மாட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அது எர்த்தை அறுத்துவிடும்.

சேர்க்கை 1: புளூடூத் மாற்றினால் போகுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கசிவு போய்விடும், வயரே இல்லையே. நிலைமின்சாரம் முழுக்கப் போகாது. கழற்றித் துணியில் துடைத்துத் திரும்ப மாட்டும்போது எனக்கு இன்னமும் எப்போதாவது சின்னதாக ஒன்று அடிக்கிறது.

சேர்க்கை 2: சுவர் சாக்கெட்டின் எர்த் ஓட்டையிலேயே டெஸ்டர் பளிச்சென்று எரிகிறது என்று ஒருவர் எழுதினார். அது என் கைக்கும் உங்கள் கைக்கும் மீறிய வேலை. அந்த சாக்கெட்டில் எதையும் செருகாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். வந்து திறந்து பார்த்ததில், கரண்ட் வரும் பேஸ் வயரை எர்த்தில் மாற்றிப் பூட்டியிருந்தார்களாம்.