துபாய் பாலைவன முகாம் இரவு விருந்து: குழுவாகப் போகிறவர்களுக்கு ஒரு கையேடு

துபாய் குரூப் டூர் எதை எடுத்தாலும் பயணத் திட்டத்தில் ஒரு மாலை "டெசர்ட் சஃபாரி, பார்பெக்யூ டின்னர்" என்று இருக்கும். ஹோட்டலை விட்டுக் கிளம்பித் திரும்பிவர ஆறேழு மணி நேரம் ஆகும். அதில் மணல்மேட்டில் கார் ஓடுவது அரை மணி, மேடை நிகழ்ச்சி ஏறக்குறைய ஒரு மணி. மிச்சம் எல்லாம் சாலைப் பயணமும் வரிசையும்தான். ஒரே வேளையில் நூற்றுக்கணக்கானவர்கள் முகாமில் வந்து இறங்குவார்கள். எதற்கு முதலில் போவது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்று தெரிந்தால் எல்லாம் கிடைக்கும். தெரியாதவர்களுக்கு ஆறிப்போன ரொட்டியும் தூரத்து மேடையும்தான்.

முந்தைய நாளே டூர் மேனேஜரிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். குழுவில் சைவம் எத்தனை பேர், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் யாராவது உண்டா என்பது ஒன்று. முகாமுக்குப் போனபின் சொன்னால் சோறும் சாலடும்தான் கிடைக்கும். கர்ப்பிணிகள், முதுகுத் தண்டு அல்லது இதயத் தொந்தரவு உள்ளவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் மணல்மேட்டு ஓட்டத்தில் ஏறக்கூடாது. அவர்களை நேராக முகாமுக்குக் கொண்டுபோகத் தனி வண்டி வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது, முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி. முகாமில் சாதாரண இருக்கை என்றால் தரையில் கம்பளமும் திண்டும் குட்டை மேசையும்தான். உட்காருவது சுலபம், எழுந்திருப்பதில்தான் சிக்கல்.

ரமலான் மாதத்தில் போகிறீர்கள் என்றால் பெல்லி டான்ஸ் இருக்காது. விளம்பரப் படத்தைக் காட்டிச் சண்டை போட்டுப் பயனில்லை.

சேலை இந்த மாலைக்குச் சரிவராது. காரில் குலுங்கும்போதும் தொல்லை, ஒட்டகத்தில் காலைத் தூக்கிப் போடும்போதும் தொல்லை. சுடிதார், பேண்ட் எதுவானாலும் சரி, பருத்தியாக இருக்கட்டும். ஷூவுக்குள் புகும் மணல் மறுநாள்வரை போகாது. வார் வைத்த செருப்பே போதும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் இறங்கியதும் குளிர் சட்டென்று ஏறும், ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். பத்து, இருபது திர்ஹாம் தாள்களாகக் கொஞ்சம் மாற்றி வையுங்கள். நூறு திர்ஹாம் தாளை நீட்டினால் சில்லறை திரும்பாது.

மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குள் அளவாக முடித்துவிடுங்கள். வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினால் அந்த பிரியாணியை மறுபடி பார்க்க நேரும். காலி வயிறும் கூடாது, குமட்டல் அதில் இன்னும் சீக்கிரம் வரும். பயண வாந்திக்கு வழக்கமாக மாத்திரை போடுபவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்தபின் போட்டால் அது பெரிதாக வேலை செய்யாது.

பேருந்து மணலில் போகாது. ஹட்டா சாலையில் லஹ்பாப் போன்ற இடத்தில் எல்லாரையும் இறக்கி, சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து லேண்ட் க்ரூஸரில் ஏற்றுவார்கள். ஒன்றில் ஆறேழு பேர். கடைசி வரிசையில் பின்சக்கரத்துக்கு மேலேயே உட்காருவதால் தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம். அதைத் திடமான இளைஞர்களுக்கு விடுங்கள். தலைசுற்றல் உள்ளவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலைவில் அடிவானத்தைப் பார்க்கட்டும். போனைக் குனிந்து பார்த்தால் இரண்டே மேட்டில் முடிந்தது.

மணலில் இறங்குமுன் ஓட்டுநர் டயர்களில் காற்றை இறக்குவார். முப்பது பி.எஸ்.ஐ.-க்கு மேல் இருக்கும் காற்றழுத்தம் பதினைந்து சொச்சத்துக்கு வரும். பஞ்சர் என்று பதற வேண்டாம். காற்று குறைந்த டயர் அகலமாகப் பரந்து மணல்மேல் மிதக்கும், இறுக்கமான டயரோ மணலைத் தோண்டிப் புதைந்துவிடும். பெல்ட் போட்டு, தலைக்கு மேல் உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்துச் சங்கிலி, கண்ணாடி, மடியில் இருக்கும் போன் எல்லாம் ஜிப் பைக்குள் போகட்டும். முடியவில்லை என்றால் "ஸ்டாப்" என்று உரக்கச் சொல்லுங்கள், நிறுத்துவார்கள். கௌரவம் பார்த்து அடக்கிக்கொண்டு இருப்பவர்தான் கடைசியில் வண்டியை நாசமாக்குவார்.

நடுவே ஒரு மேட்டில் நிறுத்துவார்கள். அங்கே நிற்கும் குவாட் பைக் என்ற நாலு சக்கர பைக், கையில் ராஜாளியை உட்கார வைத்து எடுக்கும் படம் இரண்டும் பெரும்பாலும் டூர் கட்டணத்தில் சேராது. ஏறுவதற்கும் பறவையைத் தொடுவதற்கும் முன்னால் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முகாம். உள்ளே நுழைந்ததிலிருந்து சாப்பாடு திறக்கும்வரை உள்ள முக்கால் மணி நேரம்தான் இந்த மாலையின் உயிர். நுழைவில் பேரீச்சம்பழமும் கஹ்வா என்ற கசப்பான அரபுக் காபியும் தருவார்கள். வாங்கிக்கொண்டு, குடும்பத்துக்கு ஒருவர் நேராக இடம் பிடிக்கப் போங்கள். நடுவில் சதுர மேடை, சுற்றிலும் மேசைகள் என்பதால் முதல் வரிசைக்கு எல்லாரும் ஓடுவார்கள். நல்ல இடம் இரண்டாவது வரிசை. முதல் வரிசையில் தீ நடனத்தின் பொறி பக்கத்தில் விழும், நடனக்காரர் வந்து மேடைக்கு இழுப்பதும் அங்கே இருப்பவர்களைத்தான்.

மற்றவர்கள் அதற்குள் ஒட்டகத்துக்குப் போய்விட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே வரிசை சின்னது, படமும் நன்றாக வரும். சவாரி என்று பெயர், ஒரு சின்ன வட்டம்தான். விழுகிறவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுவார்கள். ஒட்டகம் பின்னங்காலை முதலில் தூக்கி எழும், அதனால் உங்களை முன்னால் தள்ளும். உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும், அப்போதும் முன்னால்தான் தள்ளும். இரண்டு தடவையும் சேணத்தின் பிடியை விடாமல் பின்னால் சாயுங்கள்.

அடுத்தது மருதாணி. இதில் ஒரு தவறு மாலைதோறும் நடக்கும். ஆசையாக வலது கையில் போட்டுக்கொள்வார்கள், கால் மணியில் சாப்பாடு திறக்கும், ஈரக் கையோடு தட்டை எப்படிப் பிடிப்பது, எப்படிப் பிசைவது என்று முழிப்பார்கள். இடது கையின் புறங்கையில் போட்டுக்கொள்ளுங்கள். விழுது அடர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்க வேண்டும். கன்னங்கரேலென்று, போட்ட உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அதில் தலைச்சாயத்தில் போடும் வேதிப்பொருள் கலந்திருக்கலாம், தோல் கொப்பளித்துவிடும். அரபு உடை மாட்டிப் படம் எடுப்பதைக் கடைசியில் வையுங்கள், அது இருட்டிலும் நடக்கும்.

ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை), ஷவர்மா போன்ற முன்பண்டம் முதலில் வரும். அதிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். பஃபே திறந்ததும் ஒரே நேரத்தில் எல்லாரும் எழுவார்கள். சைவத்துக்குத் தனி வரிசை இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவையுங்கள், சில முகாம்களில் ஆண்கள், பெண்களுக்கும் தனி வரிசை உண்டு. சைவக்காரர்களுக்கு ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது), தப்பூலே (பார்ஸ்லி இலை சாலட்), குபூஸ் (அரபு ரொட்டி), சோறு, பருப்பு, ஒரு காய்கறிக் குழம்பு இருக்கும். கரண்டி மாறி விழுவது சகஜம், கண்டிப்பாக இருப்பவர்கள் முதல் பத்துப் பேரில் எடுத்துவிடுவது நல்லது. அசைவக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். கோழியும் கபாபும் சுடச்சுட அடுப்பிலிருந்து வந்துகொண்டே இருக்கும், பிந்திப் போனால்தான் சூடாகக் கிடைக்கும். தண்ணீரும் குளிர்பானமும் பெரும்பாலும் கட்டணத்தில் சேரும், மது தனிக் காசு, 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

மேடையில் வழக்கமாக தனூரா (அகலப் பாவாடை கட்டிச் சுழலும் ஆட்டம்), தீ நடனம், பெல்லி டான்ஸ். முகாமை பெதூயின் (பாலைவன நாடோடி) கூடாரம் என்பார்கள், ஆனால் தனூரா எகிப்திலிருந்து வந்தது, சூஃபிகளின் சுழல் நடனத்தில் வேர் கொண்டது. இங்கே பாவாடையில் விளக்கு வைத்துத் தைத்து வேடிக்கையாக்கியிருக்கிறார்கள். அமீரகத்தின் சொந்தக் கலையான அயாலாவை, 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதை, இந்த மேடைகளில் எதிர்பார்க்காதீர்கள். தனூராவில் நிற்காமல் சுழலும் மனிதரின் பாதத்தை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள்: ஒரு கால் ஏறக்குறைய அதே இடத்தில் ஊன்றியிருக்கும், மற்றது உந்திக்கொண்டே இருக்கும். போனில் படம் பிடிப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். மேடையைப் படம் எடுக்கலாம். பக்கத்து மேசைக்காரர்களை, முக்கியமாகப் பெண்களை, கேட்காமல் எடுப்பது அந்த நாட்டில் குற்றம்.

கழிப்பறைக்குக் கடைசி நடனம் தொடங்கும்போதே போய்வந்துவிடுங்கள். முடிந்தபின் போனால் நீளமான வரிசை, ஓட்டுநரோ வெளியே காத்திருப்பார். நீங்கள் காரில் இருக்கும்போது அவர்கள் எடுத்த படங்கள், உங்களைக் கேட்காமல் முகாமில் எடுத்த படங்கள் எல்லாம் வாசலில் அச்சாகித் தொங்கும். வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை.

வெளியே வந்தால் இருட்டில் வெள்ளை லேண்ட் க்ரூஸர்கள் மட்டுமே வரிசையாக நிற்கும், எல்லாம் ஒரே அச்சு. இறங்கும்போதே நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து, ஓட்டுநரின் எண்ணையும் வாங்கி வைத்தவர்கள் நேராக வண்டிக்குப் போவார்கள். கிளம்பியதும் வழியில் நிறுத்துகிறார்களே என்று கோபப்படாதீர்கள். தார்ச் சாலை ஏறியதும் டயருக்கு மறுபடி காற்று அடிக்க வேண்டும், அதற்கும் ஒரு வரிசை உண்டு.