பனியன் துணியில் கை அச்சு: ஸ்குவீஜியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஸ்கிரீன் அச்சில் கறுப்புத் துணிமேல் வெள்ளை மங்கலாக விழுந்தால் பேஸ்ட்டை, அதாவது கெட்டியான அச்சு மையைக் குறை சொல்கிறோம். எழுத்தின் ஓரம் கசிந்தால் எக்ஸ்போசிங் (ஒளியால் ஸ்கிரீனில் டிசைனைப் பதிப்பது) சரியில்லை என்கிறோம். கையில் இருக்கும் ஸ்குவீஜியை, அதாவது ஸ்கிரீன் வழியாக மையை வழித்துத் தள்ளும் பிளேடு பொருத்திய கைப்பிடியைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் துணியில் எவ்வளவு மை இறங்குகிறது என்பதை, ஸ்கிரீன் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையான மெஷ்ஷுக்கு அடுத்தபடியாகத் தீர்மானிப்பது ஸ்குவீஜியின் விளிம்புதான். திருப்பூர்ப் பட்டறைகளில் நடப்பதுபோல, மேசையில் கட் பீஸை (தைக்கும் முன் வெட்டிய துணித் துண்டை) ஒட்டிக் கையால் அடிக்கும் வேலைக்கு எந்த ஸ்குவீஜி ஏற்றது என்று பார்ப்போம். அட்டை, பிளாஸ்டிக் வேலைகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

முதலில் கடினம்

பிளேடின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். கைவேலைக்கு 60 முதல் 80 வரை போதும். எண் குறைந்தால் பிளேடு மென்மையானது. மென்மையான பிளேடு அழுத்தும்போது வளைந்து, மெஷ்ஷின் மேல் சாய்ந்து படுக்கும். அப்படிச் சாய்ந்த பிளேடு முன்னால் இருக்கும் மையைக் கீழே அமுக்குவதால் மை நிறைய இறங்கும். கடினமான பிளேடு நிமிர்ந்து நின்று மெஷ்ஷின் மேல்பரப்பை வழித்துச் செல்லும். மை குறைவாக இறங்கும், கோடு சுத்தமாக விழும்.

43 டி மெஷ்ஷில், அதாவது சென்டிமீட்டருக்கு 43, அங்குலத்துக்கு ஏறக்குறைய 110 இழை உள்ளதில், துணியின் நிறத்தை மறைக்கும் ரப்பர் பேஸ்ட்டோ காதி பேஸ்ட்டோ அடிக்க 60 அல்லது 65 எடுங்கள். பனியன் துணியின் மேல்பரப்பு கண்ணிகளால் மேடுபள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள்ளும் பேஸ்ட் போய் உட்கார மென்மை வேண்டும். வெளிர்நிறத் துணியில் சாதாரண பிக்மென்ட் மை, 54 டி அல்லது 77 டி மெஷ் என்றால் 70 சரியாக இருக்கும். ஒரே ஒரு ஸ்குவீஜிதான் வாங்க முடியும் என்றால் அது 70 ஆக இருக்கட்டும். 90 டிக்கு மேல் மெல்லிய கோடு, சின்ன எழுத்து, நிறச் சாயலைக் காட்டும் ஹாஃப்டோன் புள்ளி அடிக்கும்போது 75 அல்லது 80க்குப் போங்கள். பிளாஸ்டிக், தகடு போன்ற வழவழப்பான பரப்புக்கும் இதே கடினம்தான். அங்கே மென்மையான பிளேடு மையைப் படத்தின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடும்.

கடையில் பிளேடின் நிறத்தைக் காட்டி ‘இது 70’ என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாம் அந்தந்தத் தயாரிப்பாளர் வைத்துக்கொண்ட குறி. ஒருவரின் பச்சை 65 என்றால் இன்னொருவரின் பச்சை 75 ஆக இருக்கலாம். பிளேடில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். மாதந்தோறும் நிறையப் பிளேடு வாங்குபவர்கள் ஒரு ஷோர் மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

70/90/70 என்று போட்ட மூன்றடுக்குப் பிளேடும் உண்டு. இரு பக்கமும் மென்மையாகவும் நடுவில் கடினமாகவும் இருக்கும். விளிம்பு துணிக்கு இணங்கிப் போகும், முதுகு வளையாது. 16 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள ஸ்குவீஜியில் கெட்டியான பேஸ்ட் அடிப்பவர்களுக்கு இதன் கூடுதல் விலை நியாயமானது. சின்ன லோகோவுக்கு இது தேவையில்லை.

ரப்பரா, பாலியூரித்தேனா

கறுப்பு ரப்பர் பிளேடு விலை குறைவு, துணியில் நன்றாக இழுக்கும். ஆனால் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். தேய்ந்த கறுப்புத் துகள் வெளிர்நிற மையில் கலந்து புள்ளியாக விழவும் செய்யும். பாலியூரித்தேன் பிளேடு அதைவிடப் பல மடங்கு நாள் கூர்மையைக் காக்கும். தினமும் நூறு பீஸுக்கு மேல் அடிக்கும் பட்டறைக்குப் பாலியூரித்தேன்தான் கடைசியில் மலிவு.

தண்ணீர் மை இரண்டையுமே பெரிதாகக் கெடுப்பதில்லை. சால்வென்ட் கலந்த பிவிசி மை அப்படியல்ல. மணிக்கணக்கில் ஓடினால் பிளேடு சால்வென்ட்டைக் குடித்து ஊதி, விளிம்பு அலையலையாகும். அந்த வேலைக்கு ஒரே அளவில் இரண்டு ஸ்குவீஜி வைத்து மாற்றி மாற்றி அடியுங்கள். ஊதியதைத் துடைத்து ஒரு நாள் ஓய்வில் விட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். அதுவரை சாணை பிடிக்கக் கூடாது. ஊதிய நிலையில் சமமாக்கினால் வற்றிய பிறகு கோணலாகிவிடும்.

விளிம்பும் அளவும்

துணிக்குச் சதுர விளிம்பு போதும். உருண்டை விளிம்பு மையை மிக அதிகமாக இறக்கும். சூட்டில் உப்பும் பஃப் பேஸ்ட், தடித்த வெள்ளை, பெரிய நிரப்புப் பகுதி இவற்றுக்கு மட்டும் அதை எடுங்கள், மெல்லிய கோடு இருந்தால் வேண்டாம். இருபுறமும் சரிவு வெட்டிய கூர்முனை பாட்டில், குவளை போன்ற உருளைப் பொருட்களுக்கானது.

வழக்கமான பிளேடு 9 மி.மீ. தடிமன், 50 மி.மீ. உயரம். கைப்பிடிக்கு வெளியே 25 முதல் 30 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சாணை பிடிக்கப் பிடிக்க இந்த நீட்டம் குறைந்து, அதே 70 பிளேடு கையில் 80 போல விறைப்பாகத் தெரியும். ‘போன மாதம் நன்றாக இறங்கிய வெள்ளை இந்த மாதம் இறங்கவில்லை’ என்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். நீட்டம் 20 மி.மீ.க்குக் கீழே போனால் பிளேடை மாற்றுங்கள்.

நீளத்தில் டிசைனின் அகலத்தைவிட இரு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் கூட இருந்தால் சரி. 12 அங்குல டிசைனுக்கு 14 அங்குல ஸ்குவீஜி, நெஞ்சுப் பக்கத்து 4 அங்குல லோகோவுக்கு 6 அங்குலம். சட்டத்தின் உட்பக்கத்துக்கும் ஸ்குவீஜி முனைக்கும் நடுவே இரு பக்கமும் குறைந்தது 2 அங்குல இடைவெளி விடுங்கள். சட்டத்தை ஒட்டிய மெஷ் கீழே தழையாது. அங்கே பிளேடு ஏறினால் ஓரத்தில் மை இறங்காது, மெஷ்ஷும் நாளடைவில் அங்கேதான் கிழியும். இருக்கிறதே என்று தேவைக்கு மேல் நீளமானதை எடுப்பதும் தவறு. கையின் பலம் அத்தனை அங்குலத்துக்கும் பகிர்ந்து போகும், டிசைன் மேல் விழும் அழுத்தம் குறையும், மாலைக்குள் தோள்பட்டை வலிக்கும்.

கைப்பிடி

மரக் கைப்பிடி கைக்கு இதமானது. ஆனால் தண்ணீர் மை உள்ளே ஊறினால் மரம் உப்பிக் கோணும், பிளேடும் கூடவே கோணும். வாங்கியதும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துவிடுங்கள். பிளேடும் மரமும் சேரும் இடுக்கில் பழைய நிறம் ஒளிந்திருந்து அடுத்த மையில் கசியும். அதனால் வெள்ளைக்கென்று ஒரு ஸ்குவீஜியைத் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது.

அலுமினியக் கைப்பிடி கோணாது, பிளேடை மாற்றுவதும் எளிது. போல்ட்டை நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஓரிடத்தில் மட்டும் அதிகம் இறுக்கினால் அதற்கு நேர் கீழே விளிம்பு பிதுங்கி, அந்த இடத்தில் எப்போதும் ஒரு வரி விழும்.

வாங்கும்போதும் முதல் முறை அடிக்கும்போதும்

பிளேடை ஒரு கண்ணாடிப் பலகைமேல் நிமிர்த்தி நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். விளிம்பின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத வெட்டும் தட்டுப்படும். இறுக்கமாகச் சுருட்டி வைத்த பிளேடு நேராக நிற்க மறுக்கும், அதை வாங்காதீர்கள். அளவுக்கு வெட்டிப் பொருத்தியதும் இரண்டு முனைகளின் கூர்மையையும் உப்புத்தாளால் லேசாக மழுக்கிவிடுங்கள். கூரான மூலைதான் மெஷ்ஷைக் கிழிப்பது.

அடிக்கும்போது மேசையிலிருந்து 75 டிகிரி அளவில் நிமிர்த்திப் பிடித்து, இரு கையையும் முனைகளில் வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். முனைகளில் மட்டும் அழுத்தினால் நடுப்பகுதி மெலிந்து விழும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, ஸ்ட்ரோக் போன பின்னால் மெஷ் சுத்தமாகத் தெரியும்வரை மட்டும் கூட்டுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் அழுத்தம் ஓரத்தைக் கசியத்தான் வைக்கும்.

எவ்வளவு அழுத்தியும் மெஷ் மேல் மைப்படலம் மிஞ்சினால் விளிம்பு மழுங்கிவிட்டது, அல்லது பேஸ்ட் தடித்துவிட்டது. இழுக்கும் திசையில் ஒரே இடத்தில் வரி விழுந்தால் பிளேடில் வெட்டு. ஸ்குவீஜியை இடவலம் திருப்பிப் பிடித்து இன்னொன்று அடியுங்கள். வரியும் இடம் மாறினால் குற்றம் பிளேடில், மாறாவிட்டால் ஸ்கிரீனில். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கையழுத்தத்தைச் சந்தேகிக்கும் முன் கைப்பிடி கோணியிருக்கிறதா என்று பாருங்கள். மெஷ் தளர்ந்திருந்தால் எந்த ஸ்குவீஜியும் காப்பாற்றாது, ஸ்கிரீனைத்தான் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும்.

கூர்மை காப்பது

120 எண் உப்புத்தாளைத் தட்டையான பலகையில் ஒட்டி, இரு ஓரத்திலும் நேரான கட்டை வைத்து, பிளேடு செங்குத்தாக நிற்கும்படி நீளவாக்கில் தேயுங்கள். முன்னும் பின்னும் ஆடவிட்டால் சதுர விளிம்பு உருண்டையாகிவிடும். பிறகு 320 எண்ணில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சாணை பிடிக்கும் வசதி இல்லாத நாளில், பிளேடின் மறுபக்கத்து விளிம்பால் அடித்தும் சமாளிக்கலாம். கைப்பிடியின் இரு பக்கமும் 1, 2 என்று குறித்து வைத்தால் எந்த விளிம்பு புதியது என்று குழப்பம் வராது.

வேலை முடிந்ததும் மை காயும் முன் ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பைண்டரை (மையைத் துணியில் ஒட்டவைக்கும் பசையை) கத்தியால் சுரண்டினால் விளிம்பு அன்றே போய்விடும். மண்ணெண்ணெயில் ஊறப் போடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். அடித்த மையைச் சட்டென்று உலர்த்தும் ஃபிளாஷ் கியூரிங் சூட்டுக்குப் பக்கத்திலோ வெயிலிலோ வைக்க வேண்டாம். கைப்பிடியில் ஓட்டை போட்டு, பிளேடு எதிலும் படாதபடி ஆணியில் தொங்கவிடுங்கள்.