ஒற்றைத் தோட்டா ஷாட்கனைக் காட்டு நடைக்குத் தயார்செய்வது எப்படி?

மிச்சிகன் மாநிலத்தின் மேல் தீபகற்பத்தில், ஆஸ்பென் மரக்காடுகளுக்குள் ரஃப்டு கிரவுஸ் பறவையைத் தேடிப் போகிறவர் காலையிலிருந்து மாலைவரை நடக்கிறார். சுடுவது ஓரிரு முறைதான். பல நாள்களில் அதுவும் கிடையாது. அதனால் ஒரு துப்பாக்கி எவ்வளவு நன்றாகச் சுடுகிறது என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அது தோளில் எப்படித் தொங்குகிறது, முள்புதருக்குள் எப்படி நுழைகிறது, ஈரத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதெல்லாம் மற்றப் பாதி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நான் வைத்திருப்பது நியூ இங்கிலாந்து ஃபயர்ஆர்ம்ஸ் பெயரில் வந்த பார்ட்னர் யூத், 20 கேஜ், 22 அங்குலக் குழல். (கேஜ் என்பது குழலின் உள்விட்ட அளவு; எண் குறையக் குறைய விட்டம் பெரிதாகும்.) நடுவில் மடித்துத் திறந்து ஒரே ஒரு தோட்டாவைப் போடும் வகை. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் குடும்பத்தைச் சேர்ந்த இந்தத் துப்பாக்கிகளின் உற்பத்தி 2015-இல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய துப்பாக்கி விற்கும் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. புதிதாக வேண்டுமென்றால் ஸ்டீவன்ஸ் 301, ஹென்றி ஆகியவற்றைப் பாருங்கள். 12 கேஜ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இவ்வளவு எடை குறைந்த துப்பாக்கியில் 12 கேஜ் தோட்டா தரும் உதை, புதிதாகப் பழகுகிறவரைச் சுடவே பயப்பட வைத்துவிடும். பயந்து சுடுகிறவர் குறி தவறுவார், பறவையைக் காயப்படுத்தி விட்டுவிடுவார்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு சட்ட விஷயங்கள். முதலாவது: சுமக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று குழலை அறுக்காதீர்கள். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் அதற்குக் கீழே போவது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். அப்படி அறுப்பதற்குத் தேவையும் இல்லை. யூத் மாடலை வாங்கினாலே நீளம் வேண்டிய அளவுக்குக் குறைந்துவிடுகிறது. முனையிலுள்ள சோக்கும் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளான ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குறுக்கம்) பீடும் (குறிபார்க்க உதவும் சிறு மணி) பழுதில்லாமல் இருக்கின்றன.

இரண்டாவது, நம்மவர்களில் பலருக்கும் தெரியாதது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. நண்பருடைய துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கும் அது பொருந்தும். அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, பிறகு உரிமம், அதன் பிறகே துப்பாக்கி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் மாநிலச் சட்டங்களைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டம் மிச்சிகனில் 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இல்லாத மாநிலத்திலும் பூட்டியே வையுங்கள்.

இனி வேலை. துப்பாக்கியைத் திறந்து, தோட்டா அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

படி 1: பின்கட்டையில் ஸ்டட் பொருத்துதல்

தோள் வார் மாட்டுவதற்குப் பின்கட்டையின் (சுடும்போது தோளில் பதியும் கட்டை) அடிப்புறத்தில் ஒரு சிறிய திருகு வேண்டும். அதைத்தான் ஸ்டட் என்கிறார்கள். கட்டையின் கீழ்நுனியிலிருந்து இரண்டரை அங்குலம் முன்னால் வைப்பது வழக்கம். எல்லா விளக்கங்களும் இந்த இடத்தில் “ஒரு துளை போடுங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இந்த வகைத் துப்பாக்கியில் விஷயம் அவ்வளவு எளிதல்ல.

பின்கட்டையைத் துப்பாக்கியுடன் பிணைப்பது கட்டைக்குள்ளேயே நீளவாக்கில் ஓடும் ஒரு போல்ட். அதைத் திருகுவதற்காகக் கட்டையின் பின்முனையிலிருந்து உள்ளே ஒரு அகலமான துளை போகிறது. வெளியே ரப்பர் பட்டை மூடியிருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. அடியிலிருந்து நீங்கள் போடும் துளை ஆழமானால் நேராக அந்த வெற்றிடத்துக்குள் போய் நிற்கும். ஸ்டட்டின் மரை பிடிக்க மரம் இருக்காது. முதல் நாள் இறுக்கமாகத்தான் தோன்றும்; சில வாரம் தோளில் ஆடிய பிறகு பிடுங்கிக்கொண்டு வரும்.

எனவே முதலில் ரப்பர் பட்டையின் இரண்டு திருகுகளையும் கழற்றுங்கள். உள்ளே டார்ச் அடித்து, துளைக்கும் கட்டையின் அடிப்புறத்துக்கும் இடையே எவ்வளவு மரம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை ஸ்டட்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். மரம் போதவில்லை என்றால் ஸ்டட்டைக் கீழ்நுனியை நோக்கிச் சிறிது பின்னுக்கு நகர்த்துங்கள். அங்கே கட்டை அகன்று, மரம் அதிகமாகிறது. ஆனால் ரப்பர் பட்டையின் கீழ்த்திருகு ஓடும் தடத்தில் மோதாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் முடிவானதும் போல்ட்டைக் கழற்றிக் கட்டையைத் தனியே எடுத்துவிடுங்கள். மையக்கோட்டைப் பென்சிலால் குறித்து, மரத்தில் ஆணியால் ஒரு சிறு குழி வையுங்கள். இல்லையென்றால் வளைந்த பரப்பில் ட்ரில் வழுக்கி ஓடும். 5/32 அங்குல ட்ரில் பிட்டில், வேண்டிய ஆழத்தில் டேப் சுற்றி, அந்த அடையாளத்துக்கு மேல் இறங்காமல் துளையிடுங்கள். துளையின் வாய்ப்பகுதியை மட்டும் சற்றே அகலமாக்குங்கள்; ஸ்டட்டின் தடித்த கழுத்து மரத்தைப் பிளக்காமல் இருக்க இது அவசியம். மரையில் தேன்மெழுகு அல்லது சோப்பு தடவிக் கையால் திருகுங்கள். பவர் ட்ரில்லால் ஸ்டட்டைத் திருகாதீர்கள். மரம் பிளக்கும் ஓசை கேட்கும்போது நிறுத்த நேரம் இருக்காது.

படி 2: முன்புற வளையம்

வாரின் மறுமுனைக்காக முன்கட்டையில் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் கட்டை) ஸ்டட் போடுவதை நான் ஏற்பதில்லை. இந்தத் துப்பாக்கியில் முன்கட்டையைக் குழலோடு பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு. துப்பாக்கியின் எடை முழுவதும் நாளெல்லாம் அதில் தொங்கினால் முன்கட்டை ஆட ஆரம்பிக்கும். மூடும்போது வரும் இறுக்கமும் போய்விடும். குழலைச் சுற்றிக் கவ்வும் பட்டை வளையமே சரி. வாங்கும்போது குழலின் வெளிவிட்டத்தைப் பட்டை உட்காரும் இடத்தில் அளந்து பாருங்கள். குழல் முனையை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவதால், முனையில் எடுத்த அளவு இங்கே பொருந்தாது.

எங்கே வைப்பது? துப்பாக்கியின் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள்: ஒரு விரலில் படுக்க வைத்தால் எந்தப் பக்கமும் சாயாத இடம். பட்டை அதற்கு நன்றாக முன்னால் இருக்க வேண்டும். மிக அருகில் இருந்தால் தோளில் தொங்கும்போது குழல் பின்பக்கமாகக் கவிழும். மிகத் தள்ளிப்போனால் துப்பாக்கி கீழே இறங்கி, நடக்கும்போது கட்டை தொடையில் இடிக்கும். முன்கட்டையின் நுனிக்குச் சற்று முன்னால், முன்கட்டையைக் கழற்ற இடம் விட்டு, முதலில் தளர்வாக மாட்டித் தோளில் போட்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். குனியுங்கள், உட்காருங்கள். சரியான இடம் கிடைத்த பிறகு இறுக்குங்கள்.

பட்டைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய தோல் துண்டு ஒன்றை வையுங்கள். அது வழுக்காமல் பிடிக்கும், குழலின் துருத்தடுப்பு நீலப்பூச்சு தேயாமல் காக்கும். தோல் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் வைக்கும் முன் மெழுகு ஊட்டிவிடுங்கள்.

படி 3: வார்

ஒரு அங்குல அகலமுள்ள சாதாரண நைலான் வார் போதும். அகலமான நியோப்ரீன் வார்கள் தோளுக்கு மெத்தென்று இருந்தாலும், ஒவ்வோர் அடிக்கும் துள்ளுகின்றன. இரண்டரைக் கிலோ அளவிலான துப்பாக்கிக்கு அந்த மெத்தை தேவையே இல்லை. வளையங்கள் விரைவாகக் கழற்றி மாட்டும் வகையாக, பூட்டு உள்ளதாக இருக்கட்டும். பறவை எழும் புதருக்குள் நுழையும்போது வாரைக் கழற்றிப் பையில் போட்டுவிட வேண்டும். தொங்கும் வார் கிளையில் மாட்டினால் குழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

படி 4: தோட்டாப் பட்டி

பின்கட்டையில் மாட்டும் எலாஸ்டிக் பட்டியில் ஐந்து தோட்டாக்கள் இருக்கும். ஐந்தும் சேர்ந்து 200 கிராமுக்குள்தான் வரும், ஆனால் பின்பக்கம் கனத்துச் சமநிலைப் புள்ளி நகரும். அதனால் பட்டியை மாட்டிய பிறகே படி 2-இன் அளவுகளை இறுதி செய்யுங்கள். பித்தளை விளிம்பு மேலே இருக்கும்படி தோட்டாக்களைச் செருகினால், எலாஸ்டிக் தளர்ந்த பிறகும் அவை கீழே நழுவாது.

வீட்டில் 12 கேஜ் துப்பாக்கியும் இருந்தால் இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அது தவறிப்போய் 12 கேஜ் குழலுக்குள் போனால் வழுக்கி முன்னே சென்று மாட்டிக்கொள்ளும். அறை காலியாகவே தெரியும். பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இரண்டு அளவுத் தோட்டாக்களும் ஒரே சட்டைப்பையில், ஒரே பட்டியில், ஒரே பெட்டியில் ஒருபோதும் சேரக் கூடாது.

படி 5: பீடு

குழல் முனையிலுள்ள பித்தளைப் பீடு மங்கலான வெளிச்சத்தில் தெரியவில்லை என்றால், ஒளிரும் பச்சை நிறப் பீடு வாங்கி மாற்றலாம். மரை அளவைச் சரிபார்த்து வாங்குங்கள். இதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.

பிற்சேர்க்கை

கட்டுரையைப் படித்த சிலர் பிளாஸ்டிக் கட்டைக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். பல பிளாஸ்டிக் கட்டைகளில் ஸ்டட் ஏற்கெனவே வார்க்கப்பட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் மரத் திருகு அங்கே பிடிக்காது, ஏனென்றால் உள்ளே வெற்றிடம். உள்ளிருந்து நட்டுப் போட்டு இறுக்கும் வகை ஸ்டட் வேண்டும்.

வாத்து வேட்டைக்கும் இதையே எடுத்துப்போகலாமா என்றும் கேள்வி வந்தது. அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991 முதல் தடை இருக்கிறது. மாற்றாக எஃகு ரவை போடும்போது, ஃபுல் சோக் (மிக இறுக்கமான முனைக் குறுக்கம்) உள்ள பழைய குழல்கள் சேதமடையக்கூடும். உங்கள் குழலில் எஃகு ரவை போடலாம் என்று தயாரிப்பாளரின் கையேடு சொன்னால் மட்டும் போடுங்கள்.

மழையில் நனைந்து திரும்பிய அன்றே குழல் பட்டையைக் கழற்றி, அடியில் துடைத்து, எண்ணெய் பூசுங்கள். துரு முதலில் பிடிப்பது அந்தப் பட்டைக்கு அடியில்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரப்பர் பட்டையையும் கழற்றி உள்துளையைக் காய விடுங்கள், போல்ட்டின் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.