மை ஓடும் அட்டையில் கை செய்யும் தவறுகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மார்கழி பிறந்தால் கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் மைப்புட்டிகளும் வந்து உட்கார்ந்துவிடும். பொங்கல் வாழ்த்து அட்டைகளை நாங்களே செய்வதுதான் வழக்கம். மையைத் தெளித்தும் ஊதியும் ஒற்றியும் ஒரு பின்னணி, அதன் மேல் நாலு வரி. இத்தனை வருஷத்தில் நான் கெடுத்த அட்டைகளைச் சேர்த்துப் போட்டால் ஒரு மரக்கால் நிறையும்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. சார்ட் பேப்பரில் தண்ணீர் பட்டால் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். ஆனால் ஏ4 தாளை அப்படியே இரண்டாக மடித்து அட்டையாக்காதீர்கள். அந்தத் தாள் மட்டுமே 18.7 கிராம் இருக்கும். உறையையும் சேர்த்தால் தபால் கட்டணத்தின் முதல் படியான 20 கிராமைத் தாண்டிவிடும். தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் ஒன்பது கிராம் சொச்சம்தான்.

மையிலும் குழப்பம் உண்டு. பேனா மை காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். பின்னணிக்கு அதுதான் வேண்டும். வாட்டர்புரூஃப் மை காய்ந்தால் அசையாது, அது மேலே எழுத. இரண்டையும் மாற்றிப் போட்டால் பின்னணி முரண்டுபிடிக்கும், எழுத்து ஒழுகும்.

ஒற்றி எடுப்பதற்குப் பால் கவரே போதும், சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால். கவரில் இரண்டு மூன்று சொட்டு மை விட்டு, தண்ணீர் ஸ்பிரே செய்து, அட்டையைக் குப்புற வைத்து எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. ஈரம் காய்வதற்குள் நீலத்தின் மேல் ஆரஞ்சு, அதன் மேல் பச்சை என்று ஆசைப்பட்டால், மேட்டூர் திறந்து காவிரியில் வரும் புதுத்தண்ணி நிறம்தான் கிடைக்கும். ஆற்றில் பார்க்க அழகு, அட்டையில் சேறு.

எனக்குப் பிடித்தது உப்பு. வேதாரண்யத்துக் கல் உப்பை ஈர மையின் மேல் தூவினால், ஒவ்வொரு கல்லும் சுற்றியிருக்கும் நிறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வெளிறிய நட்சத்திரமாக விரியும். எல்லாம் நேரத்தில் இருக்கிறது. தாளில் தண்ணீர் தேங்கி நின்றால் உப்பு கரைந்துவிடும். நன்றாகக் காய்ந்துவிட்டால் ஒன்றும் நடக்காது. சாய்த்துப் பார்க்கும்போது பளபளப்பு அடங்கத் தொடங்குகிறதே, அப்போது தூவுங்கள். பொறுமையில்லாமல் ஹேர் டிரையரைக் காட்டினால் நட்சத்திரம் பாதியில் நின்றுவிடும்.

காய்ந்ததும் உப்பை உதிர்த்துவிட வேண்டும், ஒரு கல் மிச்சமில்லாமல். ஒரு வருஷம் பார்க்க மினுமினுவென்று இருக்கிறதே என்று அப்படியே விட்டு, இருபது அட்டைகளை அடுக்கித் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மார்கழிப் பனியை உப்பு குடித்து, காலையில் இருபதும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாகக் கிடந்தன. அட்டைகளை உள்ளே, மின்விசிறிக்கடியில் பரத்திக் காயவிடுங்கள். வெயிலும் வேண்டாம், பேனா மை வெளுத்துவிடும்.

அச்சு வைப்பதற்கு வெண்டைக்காயை எல்லோருக்கும் தெரியும். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருக்கும். வெட்டிய சூட்டோடு தாளில் வைப்பதுதான் தவறு. வாழைக்கறை எத்தனை வேட்டியைக் கெடுத்திருக்கிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்தித்தாளில் ஒரு மணி நேரம் வைத்துத் துடையுங்கள். மட்டையை மையில் முக்கவும் கூடாது, ஜன்னலெல்லாம் அடைத்துக்கொள்ளும். மை தோய்த்த துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.

சோப்பு நுரையில் மை கலந்து ஸ்ட்ராவால் ஊதும் விளையாட்டில் ஒரே எச்சரிக்கை: சின்னப் பிள்ளைகள் உறிஞ்சிவிடுவார்கள், பக்கத்திலேயே இருங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்து, எழுத இடம் விடாமல் விட்டவன் நான். ஆரம்பிக்கும் முன்பே ஒரு துண்டுத்தாளை மூலையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி மறைத்திருக்க வேண்டும். மறைக்கவில்லை. கருநீலத்தின் மேல் கறுப்பில் எழுதி அனுப்பினேன். மன்னார்குடியிலிருந்து பெரியம்மா போன் செய்தார்: "அட்டை ரொம்ப அழகா இருக்குடா. யாரு போட்டதுன்னுதான் தெரியல. உன் கிறுக்கல் மாதிரி இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்."