ஹார்ஷ் நாய்ஸ் லைவ் ஆல்பம் கேக்கறது எப்படி? முதல் தடவை கேக்கறவங்களுக்கு

ஹார்ஷ் நாய்ஸ்னா மெட்டு, தாளம் எதுவும் இல்லாம கரகர இரைச்சலையே இசையா பண்றது. பெங்களூருல பிஜில தங்கிட்டு இத போட்டா ரூம்மேட் ஒரு மாதிரி பாப்பான், "மச்சி ஸ்பீக்கர் புட்டுக்கிச்சா"ன்னும் கேப்பான், கண்டுக்காதீங்க.

ஸ்டெப் 1: சரியான ஆல்பம்

தனி ஆளு போட்ட நாய்ஸ் ஆல்பத்துல ஆரம்பிக்காதீங்க, எத பிடிச்சு கேக்கறதுன்னே தெரியாது. ரெண்டு தரப்பு சேந்து லைவா வாசிச்சது பெட்டர். என் சாய்ஸ் மெர்ஸ்பௌவும் பான் சோனிக்கும் சேந்து பண்ண 'வி'. 2002ல கனடாவுல குவிபெக் மாகாணத்துல 'விக்டோரியாவில்'ங்கற ஊரோட ஃபெஸ்டிவல்ல வாசிச்சது, 2003ல வந்துச்சு. மெர்ஸ்பௌங்கறது ஜப்பான்காரர் மசாமி அகிதா, 1979லேர்ந்து இதே வேலையா இருக்காரு, இந்த கச்சேரி நடந்த காலத்துல லேப்டாப்புக்கு மாறியிருந்தாரு. பான் சோனிக் ஃபின்லாந்துகாரங்க, மிகா வைனியோ, இல்போ வைசனென்னு ரெண்டு பேரு. மொதல்ல பானசோனிக்னு தான் பேரு வச்சிருந்தாங்க, கம்பெனி விடுமா, நடுவுல ஒரு 'ஏ'வ தூக்க வேண்டியதாச்சு, உடனே 1999ல வந்த ஆல்பத்துக்கு 'ஏ'ன்னே பேரு வச்சாங்க, அந்த நக்கலுக்காகவே இவங்கள எனக்கு பிடிக்கும்.

ஸ்டெப் 2: ஹெட்ஃபோன்

லேப்டாப் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், பான் சோனிக்கோட அடி பேஸ் அதுல வரவே வராது, பாதி ஆல்பம் காலி. காத முழுசா மூடற வயர் ஹெட்ஃபோன் போதும், எஸ்.பி. ரோடு பக்கம் போனா பட்ஜெட்டுக்கே கிடைக்கும். மெட்ரோலயும் பஸ்லயும் கேக்காதீங்க, வெளி சத்தத்துக்கு மேல கேக்கணும்னு வால்யூம ஏத்திட்டே போவீங்க.

ஃபைல் ஃப்ளாக்கா (தரம் குறையாம சுருக்கற ஆடியோ ஃபார்மேட்) இருந்தா நல்லது, ஆனா போன்ல இடம் பாத்துக்கோங்க. சாதாரண பாட்டு ஃப்ளாக்ல நல்லா சுருங்கும், நாய்ஸ் அவ்வளவா சுருங்காது, அடுத்து என்ன வரும்னு கணிக்க பேட்டர்னே இல்லாதப்ப சாஃப்ட்வேர் எத சுருக்கும்?

ஸ்டெப் 3: வால்யூம் (இத ஸ்கிப் பண்ணாதீங்க)

சத்தம் 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம்ங்கறது அமெரிக்காவுல வேலை இடத்து பாதுகாப்ப ஆராயற நியோஷ் அமைப்பு சொல்ற அளவு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 88னா 4 மணி நேரம், 100னா வெறும் 15 நிமிஷம். அதனால ஆல்பத்தோட ஆரம்பத்த வச்சு வால்யூம் செட் பண்ணாதீங்க, லைவ்ல அடங்கி ஆரம்பிச்சு திடீர்னு ஏத்துவாங்க. சவுண்ட நல்லா கொறச்சிட்டு நடுவுல அங்கங்க தட்டி பாருங்க, எங்க ரொம்ப கத்துதோ அந்த இடத்துல நிதானமா ஏத்தி, தாங்கற அளவுல நிறுத்திட்டு, அப்புறம் முதல்லேர்ந்து போடுங்க. ஆரம்பம் சின்னதா கேட்டா கேக்கட்டும், கைய வால்யூம் கிட்ட கொண்டு போகாதீங்க.

ஸ்டெப் 4: கேக்கறது

மெட்டு தேடாதீங்க. நாதஸ்வரக் கச்சேரில ஒத்துக்காரர் அசையாம ஒரே ஸ்வரத்த பிடிச்சிட்டிருப்பாரே, அந்த மாதிரி அடியில ஓடற ஹம்ம மட்டும் கொஞ்ச நேரம் பிடிங்க. அது காதுல உக்காந்ததும் மேல பிச்சு உதறற கரகரப்புக்கு தாவுங்க. ஹம்மும் பல்ஸும் (துடிப்பு மாதிரி விட்டு விட்டு வர்ற சத்தம்) பெரும்பாலும் பான் சோனிக் பக்கம், கரகரப்பு மெர்ஸ்பௌ பக்கம்னு ஒரு குத்துமதிப்பா வச்சுக்கோங்க, யாரு எதுன்னு கண்டுபிடிக்கறதே பாதி ஜாலி. ஒரே மாதிரி ஓடற சத்தத்த மூளை கொஞ்ச நேரத்துல கண்டுக்காம விட்டுடும், அப்ப தான் சின்ன சின்ன மாற்றம் எல்லாம் பளிச்சுனு தெரிய ஆரம்பிக்கும். கீழ பல்ஸ் நின்னா மேல இருக்கறவரு என்ன பண்றாருன்னு கவனிங்க, அடங்கறாரா இல்ல அந்த காலி இடத்த அவரே ரொப்பறாரா? எனக்கு இந்த ஆல்பத்துல பிடிச்சதே அந்த இழுபறி தான்.

ஸ்டெப் 5: முடிஞ்சப்புறம்

ஹெட்ஃபோன கழட்டிட்டு ஜன்னல சாத்தி, ஃபேன ஆஃப் பண்ணி சும்மா உக்காருங்க. காதுக்குள்ள ஙொய்ங்னு ஓடிச்சுன்னா வால்யூம் அதிகம்னு அர்த்தம், அன்னிக்கு அதோட நிறுத்திக்கோங்க, அடுத்த தடவை நல்லாவே கொறச்சு வைங்க. ஒண்ணும் இல்லன்னா அதே அளவ குறிச்சு வச்சுக்கோங்க.